மீண்டும் கடனுக்குப் போகாத வீடு

கோயம்பேட்டில் காலையில் ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கெடுத்து, பொழுது சாய்வதற்குள் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு விற்றுவிடுகிற சிறு வியாபாரி ஒருவரைச் செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் 2013இல் வெளிவந்த ‘ஸ்கேர்சிட்டி’ நூலில் காட்டுகிறார்கள். சரக்குக்கான முதல், கடன் பணம். வட்டி நாளொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து. நூறு ரூபாய் லாபத்தில் ஐம்பது, கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. இந்த வியாபாரி தினமும் ஐந்தே ஐந்து ரூபாயை ஒதுக்கி, மறுநாள் அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து வளர்ந்து, ஐம்பது நாளில் சொந்த முதலில் கடை போடலாம் என்கிறது நூல். கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது.

ஆனால் பெரும்பாலான வியாபாரிகள் அந்த ஐந்து ரூபாயை ஒதுக்குவதில்லை. ஒதுக்காததற்குக் கடன் சுமைதான் காரணமா என்று பார்க்க, முல்லைநாதனும் டீன் கார்லனும் பெஞ்சமின் ரோத்தும் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் சந்தை வியாபாரிகளிடம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2019இல் வெளியிட்டார்கள். வியாபாரிகளில் ஒரு பகுதியினரின் வட்டிக்கடனை ஆய்வாளர்களே முழுதாக அடைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களும் அடைக்கப்படாதவர்களும் ஒரே அளவில் கடனில் இருந்தார்கள்.

கடனடைப்பு முறைகளை மதிப்பிட வருகிற எவரும் இந்த முடிவைத் தாண்டிப் போக முடியாது. நமக்குப் பழக்கமான அளவுகோல்கள் இரண்டு. எவ்வளவு வட்டி மிச்சமானது என்பது ஒன்று. எத்தனை மாதத்தில் தீர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கடைசித் தவணை கட்டிய நாளோடு நின்றுவிடுகின்றன. அந்த நாளில் ஒரு முறைக்கு மதிப்பெண் போடுவது, தாலி கட்டிய நாளிலேயே இல்லறத்துக்கு மதிப்பெண் போடுவதற்குச் சமம். நான் இங்கே கைக்கொள்ளும் அளவுகோல் வேறு. கடன் தீர்ந்து ஈராண்டு ஆன பிறகும் அந்த வீடு மீண்டும் கடனுக்குப் போகாமல் இருக்கிறதா? கடனைத் தீர்த்த காலத்தில் வீட்டில் யாருடைய உடம்போ படிப்போ உறவோ தேய்ந்துபோனதா? இரண்டாவது கேள்விக்கான விடைதான் பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடையையும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

முறைகளை நீட்டி அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்ப்பது ஒன்று. அதை வட்டிமுறை என்பேன். தொகை சிறிய கடனை முதலில் தீர்த்து, விடுபட்ட தவணையை அடுத்த கடன்மேல் ஏற்றிக்கொண்டே போவது இரண்டாவது. அமெரிக்கரான டேவ் ராம்சே 2003இல் வெளியிட்ட ‘தி டோட்டல் மணி மேக்ஓவர்’ நூலால் பரவலாக அறியப்பட்ட பனிப்பந்து முறை. மூன்றாவது எந்த நூலும் சொல்லித்தராமல் நம் வீடுகளில் நடப்பது: வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, கைக்கு வந்ததையெல்லாம் கடனில் போடுவது. கடனைக் கடனால் மாற்றுவதையும் ஒரு முறையாகச் சொல்வார்கள். அதைத் தனி முறையாக நான் ஏற்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

முதலிரண்டையும் ஒரே வீட்டுக் கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். கணக்குக்காக நானே அமைத்துக்கொண்ட வீடு இது. கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம். நகைக்கடன் 1,50,000, மாத வட்டி ஒரு சதவீதம். மைத்துனரிடம் வட்டியில்லாத கைமாற்று 20,000. மூன்றுக்குமாக மாதம் 12,000 ஒதுக்க முடிகிறது. எல்லா வட்டியையும் மாதாமாதம் கட்டிவிட்டு, மிச்சத்தை அந்தந்த முறை காட்டும் கடன்மேல் போடுவதாகக் கொள்வோம். வட்டிமுறையில் 25ஆவது மாதம் எல்லாம் தீர்கிறது; கட்டிய மொத்த வட்டி ஏறக்குறைய 39,200 ரூபாய். பனிப்பந்து முறையில் 26ஆவது மாதம் தீர்கிறது; வட்டி ஏறக்குறைய 50,400. பதினோராயிரத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். கார்டு வட்டியின் மீது விழும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

வட்டிமுறையின் வலிமை இதில் முழுதாகத் தெரிகிறது. அதன் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. எங்கே பணம் வேகமாகக் கரைகிறதோ அங்கே முதலில் அணை போடு என்கிறது. அதற்கு மேல் எதையும் எடுகோளாகக் கேட்பதில்லை. கார்டு நிறுவனங்கள் கேட்கும் மினிமம் டியூ எனும் குறைந்தபட்சத் தொகையை எண்ணிப் பாருங்கள். 80,000 ரூபாய் பாக்கிக்கு ஐந்து சதவீதம் என்றால் 4,000. அதில் வட்டி 2,800, வட்டிக்கான வரி 504. அசலில் கழிவது 696 ரூபாய். இந்த ஓட்டத்தைக் கண்டுகொள்ளாத எந்த முறையும் முதல் தேர்விலேயே தோற்றுவிடும். இதே தர்க்கம் இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. குறைந்த வட்டியில் ஓடும் வீட்டுக்கடனை அவசர அவசரமாக அடைப்பதில் பெருமை ஏதுமில்லை. மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. ஆகவே அது காத்திருக்கும். கார்டு காத்திருக்காது.

இதே முறையின் குறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மைத்துனருக்கு எப்போது பணம் திரும்புகிறது என்று பாருங்கள். வட்டியில்லாத கடன் என்பதால் அவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். 23ஆவது மாதம்தான் அவருக்கு முதல் ரூபாய் போகிறது. ஏறக்குறைய ஈராண்டு. இதற்கிடையில் அவர் வீட்டில் ஒரு காதுகுத்து வரும், உங்கள் வீட்டில் ஒரு புதுச் செல்போன் வரும். எண்களைப் பொறுத்தவரை இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் அந்த ஈராண்டு முழுக்க அக்கா தம்பிக்கு நடுவே பேச்சு குறையும் என்பதை எழுத வட்டிமுறையின் பட்டியலில் இடமே இல்லை. அதில் இருப்பவை தொகைக்கு ஒரு பத்தி, வட்டிக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான்.

பனிப்பந்து முறை இந்த இடத்தில் தற்செயலாகச் சரியாக நடந்துகொள்கிறது. மைத்துனர் கடன் சிறியது என்பதால் மூன்றாம் மாதமே தீர்ந்துவிடுகிறது. தற்செயல் என்று சொல்லக் காரணம் உண்டு. ராம்சேயின் பட்டியலும் தொகையைத்தான் பார்க்கிறது; கொடுத்தவரைப் பார்ப்பதில்லை. மைத்துனர் ஒரு லட்சம் கொடுத்திருந்தால் அவர் கார்டுக்குப் பின்னால் போயிருப்பார். அந்த முறை தன் நியாயத்தை வேறோர் இடத்தில் தேடுகிறது. மனிதர்கள் கணக்கால் கடனாளி ஆகவில்லை, பழக்கத்தால் ஆனார்கள். ஆகவே பழக்கத்தைத் திருத்துகிற சிறு வெற்றிகள்தான் அவர்களை மீட்கும் என்பது அதன் வாதம். ஆய்வுகள் இதில் இரு பக்கமும் பேசுகின்றன. டான் ஏரியலி உள்ளிட்ட ஐவர் குழு 2011இல் வெளியிட்ட சோதனைகளில், வட்டி மிகுந்த பெரிய கடன் கண்முன் நிற்கும்போதும் மக்கள் சின்னக் கடன்களையே முதலில் மூடினார்கள். அதனால் நட்டமும் பட்டார்கள். மறுபக்கம் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, கடன் தீர்வு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் தரவைக் கொண்டு, கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்தவர்கள் மொத்தக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டியது.

இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை என்பது என் மதிப்பீடு. முதலாவது, சிறு வெற்றியின் ஆசை நம் கணக்கைக் கெடுக்கும் என்கிறது. இரண்டாவது, அந்த ஆசையே நம்மைக் களத்தில் நிறுத்தியும் வைக்கும் என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டாவதன் சான்று கடன் தீரும் வரைக்கும்தான் பேசுகிறது. தீர்ந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பது அதன் எல்லைக்கு வெளியே. பனிப்பந்து முறையை நம் அளவுகோலில் நிறுத்தினால், அது ஊக்கத்தை விளக்குகிறது, நிலைத்தலை விளக்கவில்லை. ராம்சேக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அவருடைய ஏழு படிகளில் முதற்படி ஆயிரம் டாலர் அவசரக் கையிருப்பு. கடனைத் தொடுவதற்கும் முன்னால். இந்த முன்னெச்சரிக்கைதான் அவர் முறையின் ஆகச் சிறந்த பகுதி. அவரைப் பின்பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பனிப்பந்தைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான குருட்டுப்புள்ளிக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் களப்பணி செய்த இசபெல் கெரானும் அவருடைய சகாக்களும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது இது: இங்கே குடும்பங்கள் தங்கள் கடன்களை வட்டியை வைத்து மட்டும் வரிசைப்படுத்துவதில்லை. யாரிடம் வாங்கியது, கேட்கும்போது எப்படிக் கேட்பார், தெருவில் நின்று கேட்பாரா, சாதிக்குள்ளா வெளியிலா, அந்தக் கடன் நம் மரியாதையை எவ்வளவு தின்கிறது என்பவை வரிசையை மாற்றுகின்றன. மலிவாகக் கிடைக்கும் உறவுக்கடனை விட்டுவிட்டு, முகம் தெரியாத இடத்தில் அதிக வட்டிக்கு வாங்குகிறவரை அறியாதவர் என்று பேசுவது வழக்கம். அவர் நம் பட்டியலில் இல்லாத மூன்றாவது பத்தியைப் படிக்கிறார். அந்தப் பத்தியின் பெயர் மானம்.

மானத்துக்கு விலை போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: இந்த வீட்டின் கணக்கில் போட முடிகிறது. வட்டிமுறையை அப்படியே வைத்துக்கொண்டு, மைத்துனருக்கு மட்டும் முதல் மாதத்திலிருந்தே தவறாமல் ஆயிரம் ரூபாய் கொடுத்தால், இருபதாவது மாதம் அவர் கடன் தீர்கிறது. கார்டு ஒரு மாதம் பிந்துகிறது. ஆனால் மொத்தக் கடனும் தீர்வது அதே 25ஆவது மாதத்தில்தான். கூடுதல் வட்டி ஏறக்குறைய 4,400 ரூபாய். ஒரு தம்பி தன் அக்கா வீட்டுக்குக் கூசாமல் வந்துபோக இது அதிகமில்லை.

வாயைக் கட்டும் மூன்றாவது முறைக்கு இத்துறை எழுத்தாளர்கள் யாரும் நியாயம் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒன்று அதைத் தியாகம் என்று போற்றுகிறார்கள், அல்லது அறியாமை என்று ஒதுக்குகிறார்கள். அதன் நிறைகள் உண்மையானவை. அதற்குப் படிப்பு வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், வங்கியின் தயவு வேண்டாம். அடகுக்குப் போன நகையை ஒரு தலைமுறைப் பெண்கள் மீட்டது இப்படித்தான். முழு வீடும் ஒரே நோக்கில் நிற்கும்போது அதற்கு ஒரு வேகமும் இருக்கிறது.

ஆனால் யாருடைய வாய், யாருடைய வயிறு? திறனாய்வு இங்கேதான் கறாராக இருக்க வேண்டும். ‘வீடு சிக்கனமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தில் வீடு என்பது எழுவாய் ஆகாது. சிக்கனம் எப்போதும் ஒருவர் தட்டில்தான் விழுகிறது. பெரும்பாலும் அம்மாவின் தட்டில். பல்வலி ஆறு மாதம் தள்ளிப்போகிறது. அடைத்தால் முடிந்திருக்கும் பல், வேர் சிகிச்சைக்குப் போகிறது. சர்க்கரை மாத்திரை ஒரு வேளை குறைகிறது. பெண்பிள்ளையின் டியூஷன் நிற்கிறது, பையனுடையது தொடர்கிறது. இவையெல்லாம் வெட்டிய செலவுகளாக நோட்டில் பதிவாகின்றன. உண்மையில் இவை தள்ளிப்போட்ட செலவுகள். தள்ளிப்போட்டதற்கும் வட்டி ஏறுகிறது. கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் 2023இல் வெளியிட்ட நூலுக்குக் கடன்பட்ட பெண்ணைத்தான் தலைப்பாக வைத்தார்கள். கடனைத் தேடுவது, வாங்குவது, சுழற்றுவது, திருப்புவது என்ற உழைப்பு முழுதும் யார் தோளில் இருக்கிறது என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கணவரின் பைக்குக்காக வாங்கிய சிறு கடனுக்கும், வாரத் தவணை வசூலிக்கும் கடன் குழுவில் உட்கார்ந்து கட்டுவது பெரும்பாலும் மனைவிதான்.

நெருக்கடி மனத்தையும் சுருக்குகிறது என்பதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. ஆனந்தி மணி, முல்லைநாதன், ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. கை வறண்டிருந்த அறுவடைக்கு முந்திய நாள்களில் அதே மனிதர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். இந்த ஆய்வின் மேல் மிகை நம்பிக்கை வைப்பதற்கு நான் தயங்குகிறேன். அதன் புள்ளியியலைக் கேள்வி கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிப்பட்ட வேறுபாட்டைக் காணவில்லை. ஆயினும் சிறிய அளவில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிற வீட்டுக்கும், ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வீட்டுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. வாயைக் கட்டும் முறை, மிகக் கவனமாக முடிவெடுக்க வேண்டிய மாதங்களில்தான் வீட்டை மிகக் களைப்பாக வைக்கிறது.

கடன் மாற்றுக்கு வருகிறேன். கார்டில் உள்ள 80,000 ரூபாயை நகைக்கடனுக்கு மாற்றினால் மாத வட்டி 2,800இலிருந்து 800 ஆகிறது. ஒரே நாளில் மாதம் 2,000 ரூபாய் மிச்சம். இதை மறுப்பவர் கணக்கை மறுக்கிறார். இருந்தும் இதை முறை என்று நான் ஏற்காததற்குக் காரணம், இது கடனை இடம் மாற்றுகிறதே தவிரக் குறைக்கவில்லை. காலியான கார்டு அப்படியே பையில் இருக்கிறது; அடுத்த தீபாவளிக்குள் அது நிரம்பினால் கார்டும் போய் நகையும் போய் நிற்கும். நம் நகைக்கடன் பழக்கத்தில் இன்னொரு பலவீனமும் உண்டு. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறுபடி திருப்பி வைப்பது. பத்தாண்டு வட்டி கட்டியும் அசல் ஒரு ரூபாய் குறையாத வளையல்கள் நம் லாக்கர்களில் இல்லை, அடகுக் கடைகளில் இருக்கின்றன. இரண்டரை லட்சம் வரையிலான சிறு நகைக்கடன்களுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி உச்சவரம்பை உயர்த்தியது. அவசரத்தில் இருப்பவருக்கு இது உதவி. திருப்பி வைத்தே பழகியவருக்கு இது கூடுதல் கயிறு. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நகைக்கடனை மாதத் தவணையாகப் போட்டுக்கொள்கிறவர் மட்டும் இதைக் கருவியாகக் கொள்ளலாம்.

இதுவரை சொன்ன எல்லா முறைகளும் ஒரே எடுகோளில் நிற்கின்றன: மாதம் 12,000 ரூபாய். அந்த எண் எங்கிருந்து வந்தது? சாதாரண மாதம் ஒன்றின் வரவு செலவிலிருந்து. நம் நாள்காட்டியில் சாதாரண மாதங்கள் குறைவு. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடியிலோ பங்குனியிலோ ஊர்க் கொடை, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், முகூர்த்த மாதங்களில் மொய். இவற்றை எதிர்பாராத செலவு என்று எழுதுவது இத்துறையின் மிகப் பெரிய முறைப்பிழை. தீபாவளி வருவது யாருக்குத் தெரியாது?

மொய்யைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். இறக்குமதியான திட்டங்கள் எல்லாம் அதை அன்பளிப்பு என்ற தலைப்பில் போட்டு, வெட்டத்தக்க செலவுகளில் முதலில் நிறுத்துகின்றன. மொய் நோட்டு வைத்திருக்கிற வீட்டில் இது பிழை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதி வாங்கிய தொகை, அவர் வீட்டு விசேஷத்தில் திரும்பியாக வேண்டும். குறையாமல், கூடுமானால் கூட்டி. காலக்கெடு எழுதப்படாத வட்டியில்லாக் கடன் அது. ஆகவே மொய் நோட்டைக் கடன் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் பல வீடுகளில் மாதம் 12,000 என்ற எண் 9,000 ஆகும். அது தோல்வி ஆகாது. அதுதான் அந்த வீட்டின் உண்மையான எண். 12,000 என்று திட்டமிட்டு ஆறாம் மாதம் கைவிடுவதைவிட, 9,000 என்று திட்டமிட்டு முடிப்பது மேலான செயல்.

சந்தைச் சோதனைக்கு இப்போது திரும்பலாம். கடனை முழுதாக அடைத்துக் கொடுத்தும் வியாபாரிகள் ஏன் திரும்பினார்கள்? ஆய்வு விளைவை நிறுவியது, காரணத்தை நிறுவவில்லை. ‘ஸ்கேர்சிட்டி’ ஆசிரியர்கள் தரும் விளக்கம், வியாபாரிகளிடம் தளர்வு, அதாவது அதிர்ச்சியைத் தாங்கும் உபரி, இல்லை என்பது. உறவில் ஒரு கல்யாணம், வீட்டில் ஒரு காய்ச்சல், ஏதோ ஒரு சின்ன அதிர்ச்சி வருகிறது. அதைத் தாங்கக் கையில் எதுவும் இல்லை. தெரிந்த வாசல் கடன் வாசல்தான். முதலுக்குக் கடன் வாங்குவது வியாபார வழக்கமே என்ற மாற்று விளக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நாள் வட்டி ஐந்து சதவீதத்தில் அந்த வழக்கம் நிலைத்திருக்க, கையில் எதுவும் மிஞ்சாத நிலைதான் துணை. தளர்வு பற்றிய விளக்கம்தான் வலுவானது என்று கொள்கிறேன்.

அப்படியானால் கையிருப்பை முதலில் கட்ட வேண்டும். அதற்கும் விலை உண்டு; அதை மறைக்கக் கூடாது. நம் கணக்கு வீட்டில் முதல் இரண்டு மாதம் வட்டியை மட்டும் கட்டி, மிச்சம் 15,400 ரூபாயைத் தனியாக வைத்தால், கடன் தீர்வது இரண்டு மாதம் பிந்துகிறது; கூடுதல் வட்டி 8,600. கணக்கர் ஒரு நல்ல ஆட்சேபம் சொல்வார்: அந்தப் பணத்தைக் கார்டில் கட்டியிருந்தால் வட்டி குறைந்திருக்கும், அவசரம் வந்தால் அதே கார்டைத் தேய்த்துக்கொள்ளலாமே. இதில் உண்மை உண்டு. கார்டு உள்ள வீட்டுக்குக் கையிருப்பு சிறியதாக இருந்தால் போதும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அவசரங்கள் பல ரொக்கமாகத்தான் கேட்கின்றன. மேலும் ஒவ்வொரு அவசரத்துக்கும் கார்டைத் தேய்க்கிற வீட்டில், இந்த மாதம் கடன் குறைந்ததா கூடியதா என்பதே தெரியாமல் போகிறது. வாரக் குழுவையும் தண்டலையும் நம்பிய வீட்டுக்கு இந்த ஆட்சேபம் பொருந்தவே பொருந்தாது. ஒருமுறை தண்டல்காரரைக் கூப்பிட்டால் அந்த மாதத்து உழைப்பு முழுதும் போய்விடும். பதிவு செய்த சீட்டில் சேர்ந்து, அவசரத்தில் ஏலம் எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்குள்ள பழைய வழி. ஒழுங்கைப் பழக்கும், உண்மை. ஆனால் எடுத்த பிறகு சீட்டும் கடன்தான் என்பதையும், பதிவில்லாச் சீட்டு ஓடிப்போனால் கையிருப்பும் ஓடிப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாதம் எவ்வளவு கட்டலாம் என்ற எல்லையையும் கடன் கொடுப்பவர் சொல்லிக் கேட்கக் கூடாது. சிறு கடன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. கட்டுப்பாடு என்ற வகையில் வரவேற்க வேண்டியது. ஆனால் மாதம் 25,000 வருகிற வீட்டில் 12,500 தவணைக்குப் போனால், மீதி 12,500இல் வாடகையும் அரிசியும் பேருந்தும் மருந்தும் நடக்க வேண்டும். அந்தப் பாதி, கடன் கொடுப்பவர் தாண்டக் கூடாத கோடு. வீடு தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கோடு அதற்கு வெகுவாகக் கீழே இருக்கிறது.

தீர்ப்பு. முதுகெலும்பாக வட்டிமுறையே நிற்கிறது. அதை விட்டால் பணம் கரையும். ஆனால் தனித்து நின்றால் அது என் அளவுகோலில் தேறவில்லை. அதற்கு முன் ஒரு சிறு கையிருப்பும், பள்ளிக் கட்டணத்தையும் பண்டிகையையும் மொய்யையும் கழித்த உண்மையான மாத எண்ணும் வேண்டும். பனிப்பந்தை ஒரே ஒரு கடனுக்கு அனுமதிக்கலாம், மானத்தைத் தின்கிற கடனுக்கு. அதற்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை போதும். வாயைக் கட்டும் முறையிலிருந்து அதன் ஒருமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். மருந்து, படிப்பு, சாப்பாடு இம்மூன்றையும் வீட்டில் ஒருவருக்குக்கூடக் குறைக்கக் கூடாது. 12,000 என்பதே அப்படிக் கழித்த எண் என்று கொண்டு இப்படி நடத்தினால், நம் கணக்கு வீடு 27ஆவது மாதம் கடனிலிருந்து வெளியே வருகிறது. வட்டி ஏறக்குறைய 52,200 ரூபாய். வெறும் வட்டிமுறையைவிட 13,000 அதிகம், பனிப்பந்தைவிடவும் 1,800 அதிகம். மூன்றிலும் செலவு மிகுந்தது இதுதான். வெளியே வரும் நாளில் கையில் 15,400 ரூபாயும், பேச்சு நிற்காத ஒரு மைத்துனரும், அடைத்த பல்லும் இருக்கின்றன. இந்த முறையை முதலிடத்தில் வைக்கிறேன்.

என் தீர்ப்பை வாசகர்கள் அப்படியே ஏற்க வேண்டாம். கடைசித் தவணை கட்டிய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஈராண்டு கழித்து அதே நோட்டைத் திறந்து, புதிதாக ஏதேனும் கடன் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு, நீங்களே மதிப்பெண் போடுங்கள்.